சூடேறும் மோட்டாரும் நம் கரை மணலும்

பிரெஞ்சில் இதற்கு 'ஓர்-போர்' என்று பெயர். படகின் விளிம்புக்கு வெளியே இருப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் அவுட்போர்டு. நம் மீனவர்களுக்கு வெறும் மோட்டார். அரசுக் கோப்பில் 'ஓ.பி.எம்.' இதன் வரலாற்றை எழுதியவர்கள் எத்தனை குதிரைத்திறன், எத்தனை வேகம் என்றே எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ, நூறு வருடமாக இதன் சூட்டை எப்படித் தணிப்பது என்று மனிதர்கள் பட்ட பாடுதான் முக்கியமான கதையாகப் படுகிறது.

முதல் வெளிப்பொருத்து மோட்டார் பாரிசில் பிறந்தது. தத்துவஞானி தெக்கார்த் பிறந்த அதே ஊரில் 1839இல் பிறந்த குஸ்தாவ் த்ரூவே என்பவர், ஐந்து கிலோ எடையுள்ள மின்மோட்டார் ஒன்றைச் சுக்கானின் தலையில் வைத்து, சுக்கானிலேயே சுழலியைப் பொருத்தினார். 1881 மே 26 அன்று சேன் நதியில் ஓட்டிக் காட்டினார். படகின் பெயர் 'லெ தெலெஃபோன்'. வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தெக்கார்த்தை எங்களுக்குப் பள்ளியில் மனப்பாடமே செய்ய வைத்தார்கள். த்ரூவேயின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. மின்கலத்தில் ஓடிய அந்த மோட்டாருக்குள் தீ எரியவில்லை. ஆகவே இன்று நாம் பேசும் வியாதியும் அதற்கு இல்லை.

பெட்ரோல் வந்தது, சூடும் வந்தது. பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருள் தரும் வெப்பத்தில் சுமார் கால் பங்குதான் சுழலியைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. மிச்சத்தைப் புகையோடும் உலோகத்தின் வழியாகவும் வெளியேற்றியாக வேண்டும். அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1905இல் மோட்டார் சைக்கிள் எந்திரத்தை வைத்துத்தான் பரிசோதனையைத் தொடங்கினார். சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும். காற்றுப் பட்டு ஆறும். பிறகு அவரும் தண்ணீருக்கு மாறிவிட்டார். நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரும் நீரால் குளிர்வதுதான். ஒன்றரைக் குதிரைத்திறன், 28 கிலோ. ஏரியில் படகு வலித்து வாங்கிவந்த ஐஸ்கிரீம் வெயிலில் உருகிப்போனதால்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, விஸ்கான்சின் ஏரி என்பதைக் கவனியுங்கள். தெளிந்த, குளிர்ந்த, உப்பில்லாத நீர். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருக்கும்போது ரேடியேட்டர் எதற்கு? ஏரி நீரையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, ஏரியிலேயே கொட்டிவிடலாம். அருமையான யோசனை.

பிற்காலத்தில் இந்த உறிஞ்சும் வேலை இம்பெல்லர் என்னும் ரப்பர் இதழ்ச் சக்கரத்திடம் வந்தது. அது சுழலிக்குச் சற்று மேலே, நீருக்குள் இருக்கும். தண்ணீர்தான் அதற்கு மசகு. வறண்டு சுற்றினால் வெகு சீக்கிரத்தில் இதழ்கள் கருகிப்போகும். மேலே ஏறிய நீரில் கொஞ்சம், மோட்டாரின் பின்பக்கத் துளை வழியாக மெல்லிய தாரையாகப் பீச்சும். நோயாளிக்கு நாடி பார்ப்பதுபோல மோட்டாருக்கு அந்தத் தாரையைப் பார்க்க வேண்டும்.

இந்த ஏரிப் பிள்ளை சோழமண்டலக் கரைக்கு வந்தபோதுதான் தகராறு ஆரம்பித்தது. நம் கரையின் குணம் தெரிந்ததுதானே! பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, அலையைத் தாண்டிச் சரக்கைச் சலங்குகளில் கொண்டுவந்தார்கள். அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்களும் 'ஷெலாங்' என்று எடுத்துக்கொண்டார்கள். துறைமுகமில்லாத மணல் கரை. படகை அலைக்குள் தள்ளி ஏறியதும் மோட்டாரை முடுக்கியாக வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் பாதி, மணல் பாதி. இம்பெல்லர் மணலையும் சேர்த்துத்தான் இழுக்கும். இதழ் தேயும், குழாய் அடைபடும். திரும்பி வரும்போது மோட்டாரைத் தூக்க ஒரு நொடி தாமதித்தால் அதன் மூக்கு மணலில் புதையும். இது போதாதென்று சூடான உலோகத்தில் உப்பு படிந்து, நீர் போகும் வழி வருடத்துக்கு வருடம் குறுகும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மோட்டார் மானியக் கோப்புகள் என் மேசைக்கு வரும். பழைய மோட்டார் ஏன் பழுதானது என்ற இடத்தில் 'பிஸ்டன் பிடித்துக்கொண்டது' என்று ஒரே வரி இருக்கும். எட்டுப் பத்துக் கோப்புகளைப் பார்த்தபிறகு, இதெல்லாம் ஒரே வியாதிதானே என்று ஒரு விண்ணப்பதாரரிடம் கேட்டேன். "ஐயா, நடுக்கடல்ல தாரை நின்னுபோச்சு. நிறுத்தினா வலை போயிடும், நிறுத்தலைன்னா மோட்டார் போயிடும். நான் நிறுத்தலை" என்றார். மோட்டாருக்கு வாங்கிய கடனில் பாதிகூட அடையவில்லை. ஒருமுறை மானியம் பெற்றவருக்கு மறுபடி இல்லை என்பது விதி. அந்தக் கோப்பில் அப்படித்தான் குறிப்பு எழுத வேண்டியிருந்தது.

தாரை மெலிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்; நின்றால் மோட்டாரை நிறுத்தியே தீர வேண்டும். தூக்கிப் பார்த்தால் நீர் புகும் வாயில் பெரும்பாலும் பாசியோ பிளாஸ்டிக் பையோ இருக்கும். பின் துளையில் மணல் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தலாம். கொதிக்கும் மோட்டார்மேல் கடல்நீரை வாரி இறைக்கக் கூடாது. அலுமினியத் தலை கோணிப்போகும். தானாக ஆறட்டும். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயில் கலப்பதில் கஞ்சத்தனம் பண்ணினால், எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் பிஸ்டன் பிடிக்கும். கரை வந்ததும் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டினால் உப்பு கழுவப்படும். குடிக்கவே குடத்தோடு வரிசையில் நிற்கும் குப்பத்தில் இந்தக் கடைசி அறிவுரை எப்படி எடுபடும்?

சென்னையில் 1979 முதல் இயங்கிய ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டத்தினர், எந்திரமும் தண்டும் சுழலியும் ஒன்றாக மேலே தூக்கிக்கொள்ளும் டீசல் படகுகளைக் கரையில் சோதித்தார்கள். ஆனால் நம் ஆட்களிடம் பெருவாரியாகப் பரவியது 'லாங் டெயில்' என்னும் நீள்வால். டீசல் எந்திரம் படகின்மேல் நிற்கும். நீண்ட தண்டின் நுனியில் சுழலி. மணல் தட்டினால் வாலைத் தூக்கிவிடலாம். இத்தாலியின் லொம்பார்தினி வடிவமைப்பில் இங்கேயே தயாரான அந்த எந்திரத்துக்குத் தண்ணீரே தேவையில்லை. சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும். காற்றுப் பட்டு ஆறும். வாட்டர்மேன் கைவிட்ட அதே வழி!

அதற்கும் சூடு ஏறாமலில்லை. அலைத்தெறிப்புக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடினால் காற்று தடைபடும். தகடுகளுக்கிடையே எண்ணெயும் உப்பும் அப்பிக்கொள்ளும். ஆனால் வெளியே தெரிகிற அழுக்கைப் பழைய பிரஷால் தேய்த்துவிடலாம், குழாய்க்குள் இருக்கும் மணலை அப்படி எடுக்க முடியாது. சத்தம்தான் பெரிய தொல்லை. நான்கு மணிநேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரிடம் கரையில் பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும்.