நடுகல்லும் நோய்த்தொண்டரும்

போரில் வீழ்ந்தவனுக்கும் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் கல் நட்டு, அதில் அவன் பெயரும் செயலும் பொறித்து வணங்கிய மரபு தமிழருடையது. கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக வாழ்த்துவது ஈறாக அதற்குரிய நிலைகளைத் தொல்காப்பியம் கூறும். மாந்தரோடு அம்மரபு நின்றுவிடவில்லை. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த கல்லொன்று, கள்வரைக் கடித்து எதிர்த்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் நமக்கு வழங்குகின்றது.

நாய்க்கும் கல் நட்ட நாட்டில், கொள்ளைநோய்க் காலத்தில் பிறர்க்குத் தண்ணீர் வார்த்து மாண்டவர்க்குக் கல் உண்டோ? தேடினால் கிடைப்பது அரிது. வைசூரியும் வாந்திபேதியும் வந்தபோது ஊர் மாரியம்மனை நாடிற்று. நோயாளியின் அருகில் இருந்தவரை மறந்தது.

சிங்கையின் கதையும் தொடக்கத்தில் இதுவே. மலாக்காவில் பிறந்த வணிகர் டான் டோக் செங் பொருளுதவியால், ஏழை நோயாளிகளுக்கான மருத்துவமனைக்கு 1844இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் அது சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடுமிடத்திற்கு வந்து, 1909இல் மோல்மீன் சாலைக்கு மாறிற்று. அது நீங்கிய பின்னும் அவ்வட்டாரத்தை மக்கள் மலாய்மொழியில் ‘ரூமா மிஸ்கின்’, அதாவது ஏழையர் இல்லம், என்றே வழங்கினர். மோல்மீன் சாலையில் 1913இல் திறக்கப்பட்ட தொற்றுநோய் மருத்துவமனை, நகராட்சிச் சுகாதார அதிகாரி மிடில்டன் பெயரை 1920இல் பெற்றது. கொடுத்தவர் பெயரும் அதிகாரியின் பெயரும் நிலைத்தன. அதில் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் கொப்புளங்களைக் கழுவிய கைகள் யாருடையவை? ஏழையர் இல்லத்துத் தோட்டிக்கும் சிப்பந்திக்கும் தெருவில் ஒரு பெயர்ப்பலகையும் இல்லை.

2003ஆம் ஆண்டு இந்நிலையைச் சிறிது மாற்றிற்று. அவ்வாண்டு சார்ஸ் நோய் சிங்கையில் 238 பேரைப் பற்றி 33 உயிர்களைக் கவர்ந்தது. நோயுற்றவருள் ஏறத்தாழ பத்தில் நால்வர் மருத்துவப் பணியாளர். மார்ச் 22ஆம் நாள் முதல் நோயாளிகள் அனைவரும் டான் டோக் செங் மருத்துவமனைக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அங்குப் பணிபுரிந்த இளம் மருத்துவர் ஓங் ஹோக் சூ, 27 வயதில், ஏப்ரல் 7ஆம் நாள் மாண்டார்.

அலெக்சாந்தர் சாவ் என்பவரின் செயல் தனித்து நோக்கற்பாலது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் இரத்தக்குழாய் அறுவை மருத்துவராகிய அவர், அப்போது விடுமுறையில் அமெரிக்காவில் இருந்தார். நோயின் செய்தி அறிந்தும் அங்கேயே தங்கியிருக்கலாம், யாரும் பழித்திரார். அவரோ விடுமுறையைக் குறைத்துக்கொண்டு உடன்பணியாளர்க்குத் துணையாகத் திரும்பினார். ஏப்ரல் 22ஆம் நாள் அவர் மறைந்தார், வயது 37. பணியிலிருந்தவன் அஞ்சாது நின்றான் என்பது ஒன்று. விலகியிருந்தவன் தானே வந்து நின்றான் என்பது வேறொன்று. ஆநிரை மீட்கச் சென்றவனுக்கு நிகர் இவரே.

டான் டோக் செங் மருத்துவமனையின் தாதி அதிகாரி ஹமீதா இஸ்மாயில் மே 11ஆம் நாள் இறந்தார். அன்று அன்னையர் நாள். மாண்ட மருத்துவப் பணியாளர் ஐவர். மருத்துவரையும் தாதியரையும் நாடு ஒருசேர நினைவுகூர்ந்தது. ‘ரூமா மிஸ்கின்’ காலத்தில் நடவாதது இது.

பாதிக்கப்பட்டோர்க்கும் மருத்துவப் பணியாளர்க்கும் உதவ அவ்வாண்டு ஏப்ரலில் ‘கரேஜ் ஃபண்ட்’ என்னும் நிதி தொடங்கப்பட்டது. 2020இல் கொரோனா பரவியபோது அதே நிதிக்கு மக்கள் மீண்டும் பொருள் வழங்கினர்.