குறுக்குவில்லும் மான் வேட்டையும்

குறுக்குவில் என்பது துப்பாக்கிக் கட்டை போன்ற ஒரு தண்டின் முனையில் வில்லைப் படுக்கை வாட்டில் பொருத்திய கருவி. இழுத்த நாண் கொக்கியில் நிற்கும். விசையை அழுத்தினால் கணை பாயும். நாணைக் கையால் இழுத்துப் பிடித்தபடியே குறிபார்க்க வேண்டிய சிரமம் இதில் இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உரிமமும் பருவமும் வகுத்து, இதைக்கொண்டு மான் வேட்டையாட விடுகிறார்கள். பிரிட்டனில் காட்டு விலங்குகளை இதனால் கொல்வது 1981 சட்டப்படி குற்றம்.

அனுமதி உள்ள நாடுகளில் வாங்குபவர் முதலில் பார்ப்பது வில்லின் வகையை. எளிய வளைவு வில் அகலமானது. ஆனால் நாண் அறுந்தால் காட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். உருளிகள் பூட்டிய வில் ஒடுக்கமானது, வேகமானது. பழுதானால் பெரும்பாலும் கடைக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். நாணை இழுக்க 150 பவுண்டுக்கு மேல் விசை தேவைப்படுவது சாதாரணம் என்பதால், கயிறு கொண்டு இழுக்கும் துணைக்கருவியும் கூடவே வேண்டும்.

விளம்பரங்கள் வேகத்தைத்தான் முழங்குகின்றன. ஆனால் எந்தக் கணையும் ஒலியை முந்துவதில்லை. நொடிக்கு 350 அடி வேகத்தில் செல்லும் கணை 30 மீட்டர் தொலைவைக் கடக்க ஏறக்குறைய 0.28 நொடி ஆகும். நாண் அதிரும் ஓசையோ 0.09 நொடியில் மானின் காதை எட்டிவிடும். இடைப்பட்ட நேரத்தில் மிரண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். கணை தவறான இடத்தில் தைக்க, மான் காயத்தோடு ஓடிச் சாகும். ஆகவே வேகத்தைவிட ஓசை குறைந்த வில், கனமான கணை, குறுகிய தொலைவு ஆகிய மூன்றுமே முக்கியம்.

தமிழகத்துக்கு விசைவில் புதிதல்ல. மதுரைக் கோட்டைப் பொறிகளில் ஒன்றாக 'வளைவிற்பொறி'யைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. ஆனால் அது பகைவரை எய்யும் காவல் கருவி. சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல் ஆயுதம், வளரி என்னும் எறிதடி, குறுக்குவில் பற்றி 1924இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். மலபாரில் குறுக்குவில்லின் இலக்கு மீன். தெற்கத்திச் சீமையில் வேட்டைக்குப் பேர்போன ஆயுதம் வளரிதான்.

சென்னையை அடுத்த தாம்பரம் வட்டாரத்தில் இன்றும் மான் அரிய காட்சியல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் குடிபெயர்ந்த புதர்க்காட்டு வளாகத்தில் புள்ளிமான்கள் உலவுகின்றன. கிண்டியில் வெளிமானும் உண்டு. தனியாருக்குச் சொந்தமாயிருந்த அங்குள்ள நிலத்தை 1821இல் அரசு வாங்கியது. அதில் எஞ்சிய காடு 1978இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான்.

இங்கே மான் வேட்டைக்கு எந்த வில் நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடமிருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடிவிட்டது. கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைப்பதும் பிடிப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. வெளிமான் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 1998இல் ஜோத்பூர் அருகே நடந்த வெளிமான் வேட்டைக்காக நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரலில் 5 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பிணையில் வந்து மேல்முறையீடு செய்தார். குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்படும் ஆயுதமும் வாகனமும் அரசுடைமையாகும்.