பக்கிங்காம் கால்வாய்ப் படகுப் பயணம்

பக்கிங்காம் கால்வாய்ப் படகுப் பயணம் என்பது சோழமண்டலக் கடற்கரைக்கு இணையாக வெட்டப்பட்ட உவர்நீர்க் கால்வாயில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடைபெற்ற நீர்வழிப் போக்குவரத்தைக் குறிக்கும். இக்கால்வாய் ஆந்திரப் பிரதேசத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாகத் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீளம் கொண்டது. இதில் சுமார் 163 கி.மீ. தமிழ்நாட்டில் உள்ளது.

வரலாறு

1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதற்பகுதி வெட்டப்பட்டது. அதனை அமைத்தவர் பெயரால் இது கொக்கிரேன் கால்வாய் எனப்பட்டது. 1837இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டு, பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டித்தது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பட்டினியால் வாடிய மக்களே கூலிக்கு இவ்வேலையைச் செய்தனர். எனினும் அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே 1878இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

பயணமுறை

கடலோரக் காயல்களை இணைத்துச் சென்றதால் இதில் கடல் ஓதத்திற்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் நீரைத் தேக்கிவைக்க அடைப்புக் கதவுகள் அமைக்கப்பட்டன. காற்று சாதகமாக இருந்தால் படகுகள் பாய் விரித்துச் சென்றன. இல்லாதபோது படகோட்டிகள் கழியூன்றித் தள்ளினர். அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். நெல், உப்பு, விறகு முதலியன இவ்வழியே சென்னைக்கு வந்தன. மயிலாப்பூரின் தண்ணித்துறைச் சந்தை அக்காலப் படகுத்துறையின் நினைவாக அப்பெயருடன் விளங்குகிறது.

1934ஆம் ஆண்டுப் பயணம்

1934இல் ஒரு முழுநிலா இரவில் பாவேந்தர் பாரதிதாசன் தம் தோழர்களுடன் படகில் மாமல்லபுரம் சென்றார். உடன் சென்றவர்களுள் ப. ஜீவானந்தம், மயிலை சீனி. வேங்கடசாமி, மாயவரத்தைச் (இன்றைய மயிலாடுதுறை) சேர்ந்த மயூரம் நடராசன், குத்தூசி குருசாமி - குஞ்சிதம் இணையர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். குருசாமி தஞ்சை மாவட்டம் குருவிக்கரம்பையில் பிறந்தவர். இவ்விணையர் 1929இல் பெரியார் முன்னிலையில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள் ஆவர். இப்பயணத்தின் விளைவாகத் தோன்றியதே பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்னும் பாடல். செலவு என்பது இங்குப் பயணத்தைக் குறிக்கும்.

வீழ்ச்சியும் இன்றைய நிலையும்

தொடர்வண்டியும் சாலைகளும் பெருகியதால் படகுப் போக்குவரத்து குறைந்தது. 1960களிலும் 1976இலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னை நகரப் பகுதி கழிவுநீர் ஓடையாக மாறியது. 1995இல் இயங்கத் தொடங்கிய பறக்கும் தொடர்வண்டித் திட்டத்தின் தூண்களும் நிலையங்களும் பல இடங்களில் கால்வாயினுள்ளேயே எழுப்பப்பட்டன.

2004 ஆழிப்பேரலையின்போது கடல்நீரின் வேகத்தைக் கால்வாய் பல இடங்களில் தணித்ததாக ஆய்வாளர்கள் குறிப்பிட்டுள்ளனர். 2008இல் இது தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்கு 1934இல் சென்றதுபோல் இன்று படகில் செல்ல இயலாது. அவ்வழியில் உள்ள முட்டுக்காடு காயலில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் இயங்கிவருகிறது. குடும்பத்தினரும் இணையர்களும் அங்குச் சிறிது நேரம் படகில் சென்று, புறப்பட்ட துறைக்கே திரும்புகின்றனர்.