காழும் கூழும்: பெண்ணாடத்திலிருந்து பந்தியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

யாகிடோரி என்கிற ஜப்பானியச் சொல்லுக்குச் ‘சுட்ட பறவை’ என்றுதான் பொருள். கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மூங்கில் குச்சியில் கோத்து, கரியடுப்பில் வாட்டித் தருகிற கடை. டோக்கியோவில் யுராகுச்சோ ரயில் பாலத்துக்கு அடியிலும், ஷின்ஜுகு ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளிலும் இந்தக் கடைகள் பேர்போனவை. வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். நுழைகிறவரைக் கடைக்காரர்கள் உரக்கக் குரல்கொடுத்து வரவேற்பார்கள். தோளோடு தோள் இடிக்கிற பலகை. அடுப்புக்கு அந்தப் பக்கம் சுடுகிறவர், இந்தப் பக்கம் தின்கிறவர், நடுவில் புகை. உப்பா, சோயாச் சாறா என்பதுதான் அங்கே கேட்கப்படுகிற கேள்வி. தொடை, தோல், ஈரல், இதயம், இரைப்பை, குருத்தெலும்பு என்று கோழியின் சகல உறுப்புக்கும் தனித்தனிக் குச்சி உண்டு. சென்னையில் இருக்கும் ஜப்பானிய உணவகங்களின் பட்டியலிலும் இது இடம்பிடித்துவிட்டது. நம்ம ஆட்கள் இதைப் ‘புதுச் சுவை’ என்கிறார்கள்.

இந்தப் ‘புதுசு’ என்ற சொல்லை அப்படியே விழுங்கிவிட முடியாது. சுட்ட கறியைக் கம்பியில் கோத்துத் தின்பது தமிழுக்குப் புதுசா என்றால், இல்லை. நமக்குப் புதுசாகத் தெரிவது வேறு ஒன்று. சமைக்கிற கை கண்முன்னே தெரிவதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று கேட்காமல் தின்பதுமே அது. எப்போதிலிருந்து இது நமக்குப் புதுசாகப் போனது? பெண்ணாடத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஏன் பெண்ணாடம் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

2

பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படையை முடத்தாமக்கண்ணியார் கரிகால் சோழன்மேல் பாடியிருக்கிறார். அதில் ‘காழ்’ என்ற சொல் வருகிறது. இரும்புக் கம்பி. அதில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித்துண்டு, சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்னப்படுகிறது. இரவும் பகலும் கறி தின்றதில் பல்முனை, கொல்லையை உழுத கொழுப்போல மழுங்கிப்போனதாக அந்தப் பொருநன் சொல்கிறான். யார் இவன்? பசியோடு கிணை கொட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிற கலைஞன். ஊட்டுகிறவன் யார்? அரசன். பக்கத்தில் நின்று இன்னும் தின்னு, இன்னும் தின்னு என்று வற்புறுத்துகிறவனும் அரசன்தான்.

நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்மேல் பாடிய சிறுபாணாற்றுப்படை நம் பக்கத்துப் பிரதி. ஓய்மாநாடு என்பது திண்டிவனத்தைச் சுற்றிய பகுதி, அதாவது பழைய தென்னார்க்காடு. பாணன் போகிற வழியில் எயிற்பட்டினத்துப் பரதவர் முதிர்ந்த தேறலோடு சுட்ட குழல்மீன் கருவாடு தருகிறார்கள். வேலூரில் எயிற்றியர் புளிச்சோற்றோடு ஆமான் இறைச்சியைச் சுட்டுத் தருகிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து வீட்டில் வெண்ணெல் சோற்றோடு வளர்ப்புக் கோழி கிடைக்கிறது. கோழிக்கு அங்கே பெயர் ‘அளகு’, அதைச் சமைத்த விதத்துக்குப் பெயர் ‘வாட்டு’. இன்றைக்கும் நம் ஊர்களில் இறகு பிய்த்த கோழியை மஞ்சள் தடவித் தீயில் காட்டுவதை ‘வாட்டுறது’ என்றுதான் சொல்கிறோம். ‘யாகி’ என்பதற்குத் தமிழ் தேட வேண்டிய அவசியமே இல்லை.

இதைப் பொற்காலம் என்று கொண்டாடுவதற்காகச் சொல்லவில்லை. ஆற்றுப்படைகள் புரவலனைப் புகழ எழுந்தவை. வறியவனின் பசிதான் வள்ளலின் புகழுக்கு முதலீடு. புரவலன் × இரவலன் என்ற ஏற்றத்தாழ்வு அங்கே இருக்கவே செய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஏற்றத்தாழ்வு தீட்டாக மாறவில்லை. பாணன் அரசனுடைய அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார முடிந்திருக்கிறது. தந்தவர் பரதவரா, எயினரா, உழவரா என்று பார்த்து அவன் வாங்க மறுத்ததாகவும் பாட்டில் இல்லை.

3

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் எழுதும்போது பாணன் எங்கே நிற்கிறான்? திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயில் வாசலில் நிற்கிறார். உள்ளே அழைத்துப்போகச் சொல்லி இறைவனே அடியார் கனவில் வர வேண்டியிருக்கிறது. திருநீலநக்கர் என்ற அந்தணரின் வீட்டில், ஞானசம்பந்தர் சொன்ன பிறகு, அவருக்கு வேள்வித் தீயின் பக்கத்தில் ஓர் இரவு படுக்க இடம் கிடைக்கிறது. தீ அணையவில்லை, வலம் சுழித்து ஓங்கி எரிந்தது என்கிறது புராணம். அது ஏன் அற்புதமாகச் சொல்லப்பட வேண்டும்? அவன் தீயருகே வருவது இயல்பு என்ற நிலை அதற்குள் அழிந்துபோனதால்தான். அரசன் அடுப்பருகே கறி தின்ற பாணனின் வழிவந்தவனுக்கு, தீயின் பக்கத்தில் இடம் கிடைப்பதே அதிசயமாகிவிட்டது. இடையில் நடந்ததன் பெயர்தான் சாதி. பிரமதேயமும் கோயில் நிலமும் வெள்ளாளக் காணியும் அதற்கு அடித்தளம்.

கம்பியில் கோத்த கறியும் பெரியபுராணத்தில் வருகிறது. காடன் தீக்கடைந்து மூட்டிய நெருப்பில், கண்ணப்பர் பன்றிக்கறியைக் கோலில் கோத்துக் காய்ச்சி, பதம் பார்க்க நாக்கில் வைத்துச் சுவைத்து, இலையில் வைத்துச் சாமிக்குப் படைக்கிறார். அடுத்து சிவகோசரியார் வந்து எலும்பையும் கறியையும் கண்டு பதறி, இடத்தைச் சுத்தம் செய்கிறார். கதை கண்ணப்பர் பக்கமே நிற்கிறது, சரி. ஆனால் அவர் கறியை ஏற்கவைப்பதற்கு ஒரு கண்ணைப் பிடுங்கி அப்ப வேண்டியிருக்கிறது. கறி விதியாக ஏற்கப்படவில்லை, விதிவிலக்காக மன்னிக்கப்படுகிறது.

இப்போது பெண்ணாடத்துக்கு வருவோம். வெள்ளாற்றங்கரைப் பெண்ணாகடம், தேவாரத்தில் தூங்கானை மாடம். இந்த ஒரே ஊரைச் சுற்றிச் சோறு பற்றிய கதைகள் வந்து மொய்க்கின்றன.

முதல் கதை கலிக்கம்பருடையது. இவ்வூர் வணிகர். அடியாருக்குக் கால்கழுவிச் சோறு போடுவது இவர் தொண்டு. ஒருநாள் பந்திக்கு வந்த அடியாரில் ஒருவர் முன்பு இவர்கள் வீட்டில் ஏவல் செய்துவிட்டு விலகிப்போனவர். ‘நம்ம வீட்டு வேலையாள்தானே’ என்று மனைவி நீர் வார்க்கத் தயங்குகிறார். கலிக்கம்பர் கரகத்தைப் பிடுங்கிக்கொண்டு மனைவியின் கையை வெட்டிவிடுகிறார். பிறகு தானே நீர்வார்த்துக் கால்கழுவி அமுது படைக்கிறார். சேக்கிழார் அந்த அம்மாளுக்குப் பெயர்கூடத் தரவில்லை. வேலையாள் பந்தியில் சமமாக உட்கார்ந்துவிட்டான் என்று இதைக் கொண்டாட முடியுமா? அவன் வேலையாளாக உட்காரவில்லை, வேடம் மாற்றிய பின்தான் உட்கார்ந்தான். அந்தச் சமத்துவத்துக்கான விலையும் ஒரு பெண்ணின் கை. நித்தமும் சமைத்த கை அதுதான்.

இரண்டாவது மெய்கண்டார். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களைத் தந்தவர். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளரின் மகன் என்பது மரபு. வெள்ளாளக் குழந்தையின் காலில் குலகுருவான அருணந்தி விழுந்து சீடரானார் என்ற கதை அந்தணருக்குமேல் வெள்ளாளரை நிறுத்தியது. அதை எதிர்ப்பாக வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தலைகீழாக்கம் வெள்ளாளரோடு நின்றுவிட்டது. ‘சைவம்’ என்ற ஒரு சமயத்தின் பெயர் கறி தின்னாதவரின் சாப்பாட்டுக்குப் பெயராகி, மற்றவர் தின்பதெல்லாம் ‘அசைவம்’ என்று எதிர்மறையில் குறிக்கப்படும் நிலை வந்ததற்கு, மடங்களில் வெள்ளாளர் பெற்ற மேலாண்மையும் முக்கியமான காரணம். தமிழில் பெரும்பான்மையான மக்களின் உணவுக்கு ‘அது இல்லாதது’ என்பதுதான் பெயர். கண்ணப்பரை வைத்துப் பார்த்தால் இந்தச் சொல் நிற்காது. ஓட்டல் பலகையில் நிற்கிறது.

மூன்றாவது மறைஞானசம்பந்தர். இவரையும் மரபு பெண்ணாகடத்தோடு சேர்த்தே பேசும். நெசவாளர்கள் பாவுக்குப் போடக் காய்ச்சிய கூழை இவர் கையேந்தி வாங்கிக் குடித்தார். கைவழியே ஒழுகியதை அவர் பின்னால் வந்த தில்லை அந்தணர் உமாபதி ஏந்திக் குடித்தார். தீட்சிதர்கள் உமாபதியை ஒதுக்கிவைத்தார்கள், அவர் கொற்றவன்குடிக்குப் போனார். கதையின் வரலாற்று உண்மையைவிட அதன் தருக்கம் முக்கியம். சித்தாந்தத்தில் என்ன எழுதினாலும் பொறுத்துக்கொள்கிற அமைப்பு, நெசவாளன் கூழைக் குடித்தால் பொறுக்காது. எல்லைக்கோடு தத்துவத்தில் ஓடவில்லை, தொண்டையில் ஓடுகிறது.

4

ஜப்பானில் தீட்டு இல்லையா? இருந்தது. 675இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் நான்காம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம்வரை தின்னக்கூடாதென்று ஆணையிட்டார். பௌத்தமும் ஷிண்டோவின் தீட்டுக் கருத்தும் சேர்ந்து, செத்த மாட்டை அறுப்பவர், தோல் பதனிடுபவர் ஆகியோரைத் தனிக் குடியிருப்புகளுக்குத் தள்ளின. அவர்களே புராக்குமின். 1871இல் சட்டம் அவர்களை விடுவித்தது. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி தின்றது செய்தியாக வெளியிடப்பட்டது. கறி நாகரிகமாகிவிட்டது, கறி அறுத்தவர்மேல் இருந்த இழிவு போகவில்லை. அதனால்தான் 1922இல் கியோட்டோவில் ‘சுய்ஹேய்ஷா’ என்ற சமநிலைச் சங்கத்தை அவர்களே கட்ட வேண்டியிருந்தது. கொள்ளிடக்கரை ஆதனூர் நந்தனார் ஞாபகம் வராமல் போகுமா? பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் தந்தவர் அவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள் ஒலிக்கலாம். அவர் உள்ளே போக வேண்டுமென்றால் தீக்குளிக்க வேண்டும்.

யாகிடோரியும் மேலிருந்து இறங்கி வந்த உணவல்ல. மெய்ஜி காலத்தில் கோழி விலை உயர்ந்த பண்டம். பெரிய உணவகங்கள் கழித்த உறுப்புகளைக் குச்சியில் கோத்துத் தள்ளுவண்டியில் கூலிக்காரர்களுக்கு விற்றார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த பஞ்சத்தில், கள்ளச்சந்தைச் சந்துகளில் பன்றிக் குடலும் மாட்டுக் குடலும் அதே குச்சியில் ஏறின. 1960களில் பிராய்லர் பெருகிய பிறகுதான் கோழி எல்லாருக்கும் எட்டியது. நம்மூரில் குடல், தலைக்கறி, சுவரொட்டி, ரத்தப்பொரியல், சேரியில் கயிற்றில் கோத்துக் காயப்போடுகிற உப்புக்கண்டம் இவற்றுக்கும் இதே வரலாறுதான். அங்கே கழிவு ஊரின் நடுவுக்கு வந்து விளக்கு மாட்டிக்கொண்டது. இங்கே உப்புக்கண்டத்துக்கு எந்தப் பஸ் ஸ்டாண்டில் பலகை மாட்டியிருக்கிறார்கள்?

பெண்ணாடத்துக்கும் ஜப்பானுக்கும் நேரடியான முடிச்சு ஒன்றும் உண்டு. 1429ஆம் ஆண்டு வாக்கில் பெண்ணாடம், விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை ஆகிய ஊர்க் கோயில்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுசேர்ந்து பேசுகிறார்கள். விசயநகர அதிகாரிகளும், பிராமணரும் வெள்ளாளருமான காணியாளர்களும் சேர்ந்துகொண்டு அநியாய வரி வாங்குவதற்கு இணங்க மாட்டோம், அவர்களுக்குக் கணக்கெழுத மாட்டோம் என்கிறார்கள். இந்தக் கல்வெட்டுகளைச் சமூக முரண்பாட்டின் சான்றாக விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானியரான நொபொரு கராஷிமா. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் படித்தவர், 2015இல் மறைந்தார். மெய்கண்டாரின் ஊர் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு, வரி மறுத்தவர்களின் ஊர் என்றும் அதைப் பார்க்கலாம் என்று காட்டியதில் அவருக்குப் பங்குண்டு. எந்தப் பெண்ணாடத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்பதும் அரசியல்தான்.

5

நவீன காலத்துக்கு வந்தால் பந்தி ஓட்டலாகிறது. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று தனித்தனி இடம் இருந்தது. பெரியாரின் தொடர்ந்த கிளர்ச்சிக்குப் பின் 1941இல் அது ஒழிந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு உணவகத்தையும் கடையையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, சாதி பார்த்து யாரையும் தடுக்கக்கூடாதென்றது. அதற்குப் பிறகும் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்க மறியல் செய்து நூற்றுக்கணக்கில் சிறை போக வேண்டியிருந்தது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைச் சட்டம் மட்டும் உடைக்கவில்லை, இயக்கங்களே பல ஊர்களில் இறங்கி உடைத்தன. விருத்தாசலத்துச் சூளையில் வேகிற பீங்கான் கோப்பை ஒரே மண்ணில்தான் ஆகிறது. கடையின் அலமாரியில் எங்கே வைக்கப்படுகிறது என்பதில்தான் அதற்குச் சாதி வருகிறது.

இன்னொரு மரபும் நம்மிடம் இருக்கிறது. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் திருவிழாவுக்குக் கிடா வெட்டிப் பிரியாணி ஆக்கி வருகிறவர்க்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். முனியாண்டி விலாஸ் ஓட்டல்களின் மூலம் அந்தச் சாமிதான். அங்கே கறி மன்னிக்கப்பட வேண்டிய விதிவிலக்கு அல்ல. இருந்தாலும் கறி தின்பதாலேயே சாதி போய்விடும் என்று நம்புவது அசட்டுத்தனம். ஆட்டுக்கறி தின்கிறவன் மாட்டுக்கறி தின்கிறவனைத் தள்ளிவைப்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கவிடாமல் சாதி இந்துப் பெற்றோர்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் இடமாற்றம் செய்தது அந்தப் பெண்ணைத்தான். போராட்டத்துக்குப் பிறகே அவர் திரும்ப அதே பள்ளியில் சமைத்தார். அங்கே வெந்தது கறியல்ல, சோறும் சாம்பாரும்தான். ஆக, பிரச்சினை பண்டத்தில் இல்லை, கையில் இருக்கிறது. கலிக்கம்பர் வெட்டியது நீர்வார்க்கத் தயங்கிய கையை. இங்கே தள்ளப்பட்டது சமைக்க வந்த கை. இரண்டு கதையிலும் அடுப்படிப் பெண்ணின் கைமேல்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது.

யாகிடோரிக் கடையைச் சமத்துவத்தின் கோயில் என்று யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். காசுள்ளவனுக்குத்தான் அங்கே இடம், அந்தக் கறியை அறுத்தவனின் பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் அந்தக் கடையின் அமைப்பு நமக்கு ஒரு சோதனையைத் தருகிறது. மறைப்பில்லாத அடுப்பு, பேர் கேட்காத பலகை, சுடுகிறவரின் முகம் பார்த்து வாங்கித் தின்பது. இதே மூன்றையும் நம் கல்யாணப் பந்திக்கும், கோயில் மடைப்பள்ளிக்கும், பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்துக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் திரை போடுகிறார்கள், அந்தத் திரைக்குப் பின்னால் யாரை நிறுத்துகிறார்கள், யாரை நுழையவே விடுவதில்லை என்று கேட்க வேண்டும். சைவம், அசைவம் என்ற சொற்களை எழுதாமல் ஓர் ஓட்டல் பலகையை நம்மால் எழுத முடியுமா என்றும் யோசிக்கலாம். காழில் சுட்ட கறிக்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது. அதைச் சுட்டுத் தருகிறவரோடு ஒரே பலகையில் உட்காரும் பழக்கத்தைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.