38 ஆண்டுகளில் 1 மீட்டர் குறைந்த நீளம்... கடலில் நீந்தும் திமிங்கலத்தை போட்டோவில் அளப்பது எப்படி?

ஒரு குழந்தையின் உயரம் பார்க்க சுவரோரம் நிற்க வைத்தால் போதும். மாட்டை அளக்க ஒரு டேப் போதும். ஆனா, 14 மீட்டர் நீளத்தில் கடலில் நீந்திக்கொண்டிருக்கும் திமிங்கலத்தை யார் போய் அளப்பது? பிடித்து நிறுத்தவும் முடியாது, தராசில் ஏற்றவும் முடியாது.

ஆனாலும், வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் தலைமுறைக்குத் தலைமுறை குட்டையாகி வருகின்றன என்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு திமிங்கலத்தைக் கூட தொடாமல், வானிலிருந்து எடுத்த போட்டோக்களை வைத்தே! எப்படி எனப் பார்க்கலாம்.

எந்தத் திமிங்கலம் இது?

அமெரிக்கா, கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் வாழ்வது வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம். மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும். வேட்டைக்காரர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அதனால் நூற்றாண்டுகளாக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போனது. 1935-ல் இதை வேட்டையாடத் தடை வந்தது. இன்று சுமார் 380 மட்டுமே மிச்சம். அதில் குட்டி போடும் நிலையில் உள்ள பெண் திமிங்கலங்கள் ஏறத்தாழ 70 தான்.

இதன் தலையில் தடித்த, சொரசொரப்பான திட்டுகள் இருக்கும். நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருக்கும் வடிவம் இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்து ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் எண் கொடுத்து, பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் பட்டியல் பராமரிக்கிறது. குட்டியாகத் தாயுடன் பதிவானவற்றுக்குப் பிறந்த ஆண்டும் தெரியும்.

போட்டோவில் நீளம் எப்படி வரும்?

கணக்கு எளிமையானதுதான். திமிங்கலம் மூச்சு விட மேலே வரும்போது, அதற்கு நேர் மேலே ட்ரோனை நிறுத்தி, கேமராவைச் செங்குத்தாகக் கீழே பார்க்கவைத்து படம் எடுப்பார்கள். ட்ரோன் பறக்கும் உயரம், லென்ஸின் குவியத் தூரம், கேமரா சென்சாரின் அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால், படத்தின் ஒரு பிக்சல் கடல் மட்டத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்பது தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, ஒரு பிக்சல் 1.5 சென்டிமீட்டர் என வைத்துக்கொள்வோம். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் நடுப்பள்ளம் வரை 900 பிக்சல் இருந்தால், திமிங்கலத்தின் நீளம் 13.5 மீட்டர். அவ்வளவுதான்.

எங்கே தப்பு வரும்?

உயரத்தில்தான். ட்ரோனின் உயரக் கணக்கு 2 சதவீதம் தப்பினால், நீளமும் 2 சதவீதம் தப்பும். 13.5 மீட்டர் திமிங்கலத்தில் அது 27 சென்டிமீட்டர். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் சாதாரண ட்ரோன் கருவியை மட்டும் நம்ப முடியாது என்பதால், லேசர் மூலம் உயரம் அளக்கும் கருவியைச் சேர்த்துப் பொருத்துகிறார்கள். அளவு தெரிந்த ஒரு பொருளையும், உதாரணமாக ஆய்வுப் படகையே, படம் எடுத்து கணக்கு சரியாக வருகிறதா எனச் சோதிப்பார்கள்.

திமிங்கலமும் ஒத்துழைக்க வேண்டும். முங்கப் போகும்போது முதுகு வளைந்தால் படத்தில் நீளம் குறைவாகத் தெரியும். அதனால் உடல் நேராக, நீர்மட்டத்தில் இருக்கும் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள்.

ட்ரோன் வருவதற்கு முன்?

திமிங்கல அளவுகள் பெரும்பாலும் வேட்டையில் கொல்லப்பட்டவை, கரையொதுங்கியவை ஆகியவற்றிடமிருந்தே கிடைத்தன. 1970-களில் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் ரோஜர் பெய்ன் குழுவினர் விமானத்திலிருந்து தெற்கு ரைட் திமிங்கலங்களைப் படம் எடுத்தனர். கீழே படகில் அளவு தெரிந்த ஒரு வட்டத் தகடு இருக்கும். படத்தில் அதுதான் ஸ்கேல்!

நீளம் சரி, எடை?

அதற்கும் வழி இருக்கிறது. உடல் நீளத்தில் ஒவ்வொரு 5 சதவீதத்திலும் அகலத்தை அளப்பார்கள். திமிங்கலம் பக்கவாட்டில் புரளும்போது உடலின் உயரமும் கிடைத்துவிடும். இரண்டையும் சேர்த்தால் கன அளவு வரும். 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, வேட்டைக் காலத்து எடைப் பதிவுகளோடு இதை ஒப்பிட்டு, உயிருள்ள தெற்கு ரைட் திமிங்கலங்களின் எடையைக் கணக்கிட்டது. அகலம் குறைந்தால் கொழுப்பு குறைகிறது என்று அர்த்தம். அதாவது, திமிங்கலம் மெலிந்தால் போட்டோவே காட்டிக்கொடுத்துவிடும்.

போட்டோக்கள் சொன்னது என்ன?

2000 முதல் 2019 வரை விமானத்திலும் ட்ரோனிலும் எடுத்த படங்களிலிருந்து 129 திமிங்கலங்கள் அளக்கப்பட்டன. 2021-ல் வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது. 1981-ல் பிறந்த திமிங்கலத்தோடு ஒப்பிட்டால், 2019-ல் பிறந்தது முழுதாக வளர்ந்த பிறகும் சுமார் 1 மீட்டர் குட்டையாகவே இருக்கும். கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைவு.

முக்கியக் காரணம் கயிறு. சிங்கி இறால், நண்டு பிடிக்க கடலடியில் வைக்கும் கூண்டுகளை, மேலே மிதவையோடு இணைக்கும் கயிறுகளில் திமிங்கலங்கள் சிக்குகின்றன. இந்த இனத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் ஒருமுறையாவது சிக்கியவை. சில மாதக்கணக்கில் கயிற்றை இழுத்துக்கொண்டே நீந்தும். வளர வேண்டிய சக்தி அதிலேயே போய்விடும். பால் கொடுக்கும் காலத்தில் தாய் சிக்கியிருந்தால் குட்டியும் குட்டையாகவே வளர்வது ஆய்வில் தெரிந்தது. ஆனா கயிறு மட்டுமே முழுக் காரணம் இல்லை. இரை இடம் மாறுவது, கப்பல் போக்குவரத்து போன்றவையும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

1 மீட்டர் குறைந்தால் என்ன?

உடல் பெரிதாக இருந்தால் கொழுப்புச் சேமிப்பு அதிகம். அதை வைத்துத்தான் கர்ப்பமும் பால் கொடுப்பதும் நடக்கும். நீளமான பெண் திமிங்கலங்களே அதிகக் குட்டிகளை ஈனுகின்றன என 2022-ல் வெளியான அடுத்த ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான தாய் 3 ஆண்டுக்கு ஒருமுறை குட்டி போட வேண்டும். இப்போது 7 முதல் 10 ஆண்டு ஆகிறது. 70 தாய்கள் மட்டுமே உள்ள இனத்துக்கு இது பெரிய இழப்பு.

அடுத்து என்ன?

கப்பல் மோதலைத் தடுக்க, குறிப்பிட்ட காலங்களில், குறிப்பிட்ட பகுதிகளில் 65 அடி மற்றும் அதற்கு மேற்பட்ட கப்பல்கள் 10 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என 2008 முதல் அமெரிக்காவில் விதி இருக்கிறது. கடலில் கயிறு தொங்காமல், தேவைப்படும்போது மட்டும் மிதவையை மேலே அனுப்பும் கூண்டுகளும் சோதனையில் உள்ளன.

இவை பலன் தருகின்றனவா என்பதை, சாவு எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இப்போது பிறக்கும் குட்டிகள் எவ்வளவு நீளம் வளர்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கான அளவுகோல், மேலே பறக்கும் ட்ரோனில் இருக்கிறது.