ஐந்து கோடும் அறுநூறு டாலரும்

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம், அதனால்தான் ரெண்டு மாசமாக இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. வயலின் மட்டும் விடாமல் போய்க்கொண்டிருக்கிறது. (எப்படிப் போகிறது என்று பக்கத்து ஃபிளாட்காரரைக் கேளுங்கள். பாவம், நல்ல மனுஷன்.)

போன மாசம் ஒரே வாரத்தில் ரெண்டு விஷயம் நடந்தது. கீபோர்டு கத்துக்கிற சித்தி பையன் போன் பண்ணி, "அண்ணா, நொட்டேஷன் எழுத நல்ல சாஃப்ட்வேர் சொல்லு. அப்பா ரெண்டாயிரத்துக்கு மேல தர மாட்டாரு" என்றான். இன்னொரு பக்கம் என் வயலின் மாஸ்டர் ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்து, "தம்பி, இதுல நம்ம கொயர் பாட்டு எல்லாம் இருக்கு. பழைய கம்ப்யூட்டர் உயிரை விடப் போகுது. எப்படியாவது வெளிய எடுத்துக் குடு" என்றார். தம்பிக்கு ரெண்டு வரியில் பதில் சொல்லலாம்னு உட்கார்ந்தேன். அது 1501-ல் போய் நின்றது. பொட்டி தட்டுறவன் புத்தி.

ஐந்து கோட்டில் இசையை எழுதுவது பழைய வித்தை. அதை அச்சடிப்பதுதான் தலைவலி. சாதாரண எழுத்து என்றால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிவிடலாம். இசையில் கோடும் வேண்டும், அந்தக் கோட்டின் மேலேயே புள்ளியும் உட்கார வேண்டும். 1501-ல் வெனிஸில் ஒட்டாவியானோ பெட்ரூச்சி என்பவர் இதற்கு ஒரு வழி பண்ணினார். முதலில் கோடுகள், அப்புறம் சுரங்கள், அப்புறம் பாட்டு வரிகள் என்று ஒரே தாளை மூன்று தடவை அச்சில் விட்டார். தாள் துளி நகர்ந்தாலும் சுரம் மாறிப்போகும். மனுஷன் அசரவில்லை, பக்கங்கள் இன்றைக்குப் பார்த்தாலும் அவ்வளவு சுத்தம். ஆனால் மூன்று மடங்கு வேலை. விலையைக் கேட்க வேண்டுமா?

1528-ல் பாரீஸில் பியேர் அட்டேனியான் ஒரு குறுக்கு வழி பிடித்தார். ஒவ்வொரு அச்சு எழுத்திலும் சுரத்தோடு சேர்த்து ஐந்து கோட்டின் சின்னத் துண்டையும் வார்த்துவிட்டார். அடுக்கினால் கோடு தானாக வந்துவிடும், ஒரே தடவை அழுத்தினால் போதும். இணைப்பு இடங்களில் கோடு லேசாக உடைந்து தெரியும். பெட்ரூச்சி அழகு இல்லை. ஆனாலும் ஐரோப்பா முழுக்கப் பரவியது இந்த முறைதான். அழகு கம்மி, விலை கம்மி, ஆனால் நிறையப் பேர் கையில். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அதற்கப்புறம் வந்தது தகட்டில் செதுக்குவது. மெல்லிய ஈயக் கலவைத் தகட்டில், கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலமாகத் திருப்பி, சுரத்தின் தலையைச் சின்னச் சுத்தியலால் அடித்து இறக்கி, மிச்சக் கோடுகளை உளியால் இழுப்பார்கள். ஒரு தப்பு நடந்தால் தகட்டைப் பின்பக்கமாகத் தட்டி நிமிர்த்தி மறுபடி அடிக்க வேண்டும். 'கண்ட்ரோல் இசட்' இல்லாத வாழ்க்கை.

இதில் நம்ம ஊர் ஆள் ஒருவர் மாட்டிக்கொண்ட கதை உண்டு. சென்னை தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்த சின்னசாமி முதலியார். கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகள் காற்றோடு போய்விடும் என்று பயந்து, அவற்றை ஐந்து கோட்டு முறையில் எழுதி 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்று 1890களில் இதழ் இதழாக வெளியிட்டார். வாங்குவதற்கு ஆள் குறைவு, அச்சடிக்கும் செலவோ அதிகம். சொந்தப் பணம் கரைந்தது, கண்பார்வையும் போனது. அவர் தூண்டுதலில்தான் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் கொண்டுவந்தார். அதைப் பார்க்க முதலியார் உயிரோடு இல்லை. நொட்டேஷனைத் தாளில் கொண்டுவருவதற்கு ஒரு மனுஷன் கொடுத்த விலை இது. அறுநூறு டாலரெல்லாம் ஜுஜுபி.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். 1970களிலேயே ஸ்டான்ஃபோர்டில் லேலண்ட் ஸ்மித் 'ஸ்கோர்' என்ற மென்பொருளை எழுத ஆரம்பித்தார். அது பதிப்பகங்களின் உலகம். வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிய அளவில் நுழைந்தது 1988-ல் வந்த 'ஃபினாலே'. அதை எழுதியவர் ஃபில் ஃபாரண்ட். ஸ்டார் ட்ரெக் தொடரில் உள்ள ஓட்டைகளை எல்லாம் பட்டியல் போட்டுப் புத்தகமாக எழுதியவரும் இவரேதான். நம்ம இனம்!

1993-ல் இங்கிலாந்தில் பென் ஃபின், ஜோனதன் ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'சிபீலியஸ்' கொண்டுவந்தார்கள். முதல் பதிப்பு ஏகார்ன் என்ற கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடியது, முழுக்க அசெம்பிளி மொழியில் எழுதியது. நீங்கள் பையில் வைத்திருக்கும் போனின் ஏஆர்எம் சிப் பிறந்ததும் அதே ஏகார்ன் வீட்டில்தான். ஒரு முழு நொட்டேஷன் மென்பொருளை அசெம்பிளியில் எழுதுவதை நினைத்தால் எனக்கு இப்பவே கை நடுங்குகிறது. விண்டோஸுக்கு 1998-ல் வந்தது.

2000களில் ஃபினாலே, சிபீலியஸ் ரெண்டுமே முழுப் பதிப்பு சுமார் 600 டாலர். டாலர் 45 ரூபாய் பக்கம் இருந்த காலம். ஆக 27,000 ரூபாய். ஆசிரியர், மாணவர் என்றால் கழிவு உண்டு, ஆனாலும் வயலின் வாங்கவே யோசிக்கிற வீட்டில் இது நடக்கிற காரியமா? ஃபினாலேயின் குட்டித் தம்பியாக 'நோட்பேட்' இலவசமாகக் கிடைத்தது. நடுவில் சில வருஷம் அதற்கும் 10 டாலர் பக்கம் கேட்டார்கள், அப்புறம் மறுபடி இலவசம் ஆக்கினார்கள். மிச்சப் பேருக்குத் திருட்டு சிடி, இல்லையென்றால் பென்சில்.

இந்த இடத்தில்தான் நமக்குப் பிடித்த ஆட்கள் வருகிறார்கள். 1996-ல் நெதர்லாந்தில் ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நியூவன்ஹைசன் என்ற ரெண்டு பேர் 'லிலிபாண்ட்' ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டரில் செய்த இசைப் பக்கங்கள் எல்லாம் உயிரே இல்லாமல் இருக்கின்றன, பழைய தகட்டு வேலைப்பாடு மாதிரி வரவே இல்லை என்பது அவர்கள் புகார். பெட்ரூச்சி கட்சி! ஆனால் காசு கிடையாது, கட்டற்ற மென்பொருள். மவுஸுக்கு வேலை இல்லை, சுரங்களை நிரல் எழுதுவது மாதிரி டைப் அடித்து கம்பைல் பண்ண வேண்டும். லாடெக் பழகியவர்களுக்குச் சொர்க்கம். மாஸ்டரிடம் காட்டினேன். "இதுல பாட்டு எங்க தம்பி இருக்கு?" என்றார்.

அட்டேனியான் வேலையைச் செய்தது 'மியூஸ்ஸ்கோர்'. 2002-ல் வெர்னர் ஷ்வேர் என்ற ஜெர்மானியர், தான் எழுதிக்கொண்டிருந்த 'மியூஸ்' என்ற வேறொரு இசை மென்பொருளில் இருந்து நொட்டேஷன் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தார். 1.0 என்று நம்பர் போடவே 2011 ஆகிவிட்டது. ஒன்பது வருஷம்! எங்கள் ப்ராஜக்ட் மேனேஜரிடம் இதைச் சொல்லிப் பார்க்க ஆசை. ஆரம்பப் பதிப்புகளின் பக்கங்கள் சுமார்தான், உள்ளே ஒலித்த வயலின் கொசு பாடுவது மாதிரி இருந்தது. ஆனாலும் விலை பூஜ்யம். 2022 டிசம்பரில் வந்த 4-ம் பதிப்பில் பக்க அமைப்பையும் ஒலியையும் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். இப்போது அறுநூறு டாலர் ஆட்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

காசு கொடுத்து வாங்கிய பக்கம் என்ன ஆச்சு? சிபீலியஸை 2006-ல் ஏவிட் வாங்கியது. 2012-ல் லண்டன் அலுவலகத்தை மூடியபோது, அங்கே இருந்தவர்களில் பலரை ஸ்டைன்பெர்க் அள்ளிக்கொண்டு போய் 2016-ல் 'டோரிகோ'வை வெளியிட்டது. ஃபினாலே கதைதான் சோகம். 2024 ஆகஸ்ட் 26 அன்று, இனி இதில் வேலை செய்யப் போவதில்லை என்று மேக்மியூசிக் அறிவித்தது. 35 வருஷத்து மென்பொருள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் புதுக் கம்ப்யூட்டரில் அனுமதி வாங்க முடியாது என்றும் முதலில் சொன்னார்கள். கத்திய கத்தலில் உடனேயே அதை மட்டும் வாபஸ் வாங்கினார்கள்.

மாஸ்டரின் பென் டிரைவில் இருந்தது அத்தனையும் ஃபினாலே ஃபைல்கள். மொத்தம் 112 பாட்டு. 2000களில் வெளிநாட்டில் இருந்த உறவினர் காசு கொடுத்து வாங்கி வந்த பழைய பதிப்பு, எக்ஸ்பி கம்ப்யூட்டர். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நாலு குரலும் கீழே தமிழ் வரிகளும். அவரே உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக அமைத்தது. தாளில் எடுத்தவை பாதிக்கு மேல் கரையானும் மழையுமாகப் போய்விட்டன.

நல்லவேளையாக அந்தப் பழைய பதிப்பிலேயே 'மியூசிக்எக்ஸ்எம்எல்' ஏற்றுமதி இருந்தது. மைக்கேல் குட் என்பவர் உருவாக்கி 2004-ல் 1.0 ஆன பொது வடிவம் இது. எந்த மென்பொருளின் இசையையும் இன்னொன்றில் திறப்பதற்கான ஏணி. நேரில் போய், பெருமூச்சு விடும் அந்த எக்ஸ்பியில் ஒவ்வொரு பாட்டாகத் திறந்து சேமித்தேன். மூணு ஞாயிற்றுக்கிழமை, எண்ணிலடங்கா டீ.

மியூஸ்ஸ்கோரில் திறந்தால் சுரங்கள் பத்திரமாக வந்துவிட்டன. பக்க அமைப்பு கலைந்திருந்தது, பரவாயில்லை. பாட்டு வரிகளைப் பார்த்ததும் ஙே என்று முழித்தேன். ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை, நடுநடுவில் அரைப்புள்ளி.

உங்களுக்குப் புரிந்திருக்கும். ஃபினாலேக்கு யூனிகோடு வந்ததே 2012 பதிப்பில்தான். மாஸ்டர் அடித்ததெல்லாம் பாமினி எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே வரைந்து காட்டுவது மட்டும் தமிழ். பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டி எடுக்கலாம் என்றால், இங்கே ஒவ்வொரு அசையும் ஒவ்வொரு சுரத்துக்குக் கீழே தனித்தனியாகத் தொங்குகிறது. ஒரு பாட்டுக்கே நூற்றுக்கணக்கில்.

எக்ஸ்எம்எல் என்றால் நமக்குச் சோறு போடும் சமாச்சாரம் ஆச்சே. வரிகள் இருக்கும் இடத்தை மட்டும் பிடித்து மாற்றுகிற ஒரு சின்ன பைதான் நிரல் எழுதினேன். முதல் ஓட்டத்தில் கொம்பெல்லாம் புள்ளி வட்டத்தோடு எழுத்துக்கு முன்னால் தொங்கியது. பாமினியில் கொம்பு முதலில் வரும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வர வேண்டும். 'கொ'வை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் 'கெ'வுக்கு வர வேண்டும் என்று புரிய ஒரு ராத்திரி ஆனது. கடைசியில் 112-ல் 104 பாட்டு சுத்தமாக வந்தது. மிச்சம் எட்டில் அவர் வேறு ஏதோ எழுத்துரு போட்டிருக்கிறார். எது என்று அவருக்கும் ஞாபகம் இல்லை.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: "மியூஸ்ஸ்கோர் போடு, அப்பா காசுல நல்ல பெடல் வாங்கு. அதே பேர்ல இருக்கிற இசைத்தாள் தளம் சந்தா கேட்கும், அது வேற, இது வேற, குழப்பிக்காதே. டோரிகோவிலும் சிபீலியஸிலும் இலவசக் குட்டிப் பதிப்பு வந்திருக்கு, வரம்போட. பிடிச்சா பாரு. ஆனா எதுல எழுதினாலும் பாட்டு முடிஞ்சதும் எக்ஸ்எம்எல்ல ஒண்ணு, பிடிஎஃப்ல ஒண்ணு சேமிச்சு வை." "பிடிஎஃப் எதுக்குண்ணா?" என்றான். எட்டுப் பாட்டைப் பற்றிச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் இருபது பாட்டை அச்சடித்து மாஸ்டரிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நாலு குரலையும் மெதுவாக முணுமுணுத்தார். மூணாவது பக்கத்தில் நின்றார்.

"டெனர்ல இந்த சுரம் தப்பு தம்பி."

என் நிரல்தான் சொதப்பிவிட்டதோ என்று பயந்து அங்கேயே எக்ஸ்பியைப் போட்டு மூல ஃபைலைத் திறந்து பார்த்தேன். அதிலும் அதே சுரம்தான்.

"அப்போ பதினெட்டு வருஷமா தப்பாத்தான் பாடிட்டு இருந்திருக்கோமா?" என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டில் இருந்து பென்சிலை எடுத்தார்.