கோபாலன், எம். ஜே.
(1909–2003) சென்னை வேகப்பந்து வீச்சாளர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய அரிய வீரர். செங்கல்பட்டு வட்டார மொரப்பாக்கத்தில் பிறந்தவர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் இவரே. எதிரணியான மைசூர் இரு இன்னிங்ஸிலும் 48, 59 ஓட்டங்களில் சுருண்டது. 130 எடுத்த சென்னை அன்றே வென்றது. அந்த ஆட்டத்தில் பெரும்பங்கு சக வீரர் ஏ. ஜி. ராம்சிங்குடையது: 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்.

கோபாலன் ஆடிய ஒரே டெஸ்ட், 1934 கல்கத்தா. 1935இல் தியான் சந்துடன் ஹாக்கி ஆட நியூசிலாந்து சென்றார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டு இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்தார். அங்கு டெஸ்டில் இடம் கிடைக்கவில்லை, பெர்லினில் இந்திய ஹாக்கி அணியோ தங்கம் வென்றது. அவ்வளவு திறன் கொண்டவருக்கு இது பெரும் இழப்பு. சென்னை–இலங்கை அணிகள் மோதிய கோபாலன் கோப்பை இவர் பெயரால் அமைந்தது.